சுகிர்தத்துக்கு மூச்சுப் பழக்கிய நாட்கள்

விளாத்திகுளம் பக்கமிருந்தும் எட்டயபுரம் பக்கமிருந்தும் இப்போதும் யாராவது ஒரு தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கிறாள். "டீச்சர், உங்க மகளுக்கு நெஞ்சைத் திறந்து வைத்தியம் பார்த்தாவளாமே. எம் பிள்ளைக்கும் அப்படித்தான் செய்யணும்னு சொல்லுதாவ" என்கிறாள். எல்லாரும் ஆபரேஷனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எவ்வளவு நேரம் ஆகும், ரத்தம் ஏற்ற வேண்டுமா, தழும்பு எவ்வளவு நீளம் இருக்கும் என்று. அதற்குப் பிறகு நடந்ததை யாரும் கேட்பதில்லை. எங்களுக்கோ ஆபரேஷன் ஒரு காலைப்பொழுதோடு முடிந்துபோனது. அதற்கப்புறம் பிள்ளைக்கு மூச்சுவிடவும், இருமவும், கையைத் தூக்கவும், படியேறவும் பழக்கினார்களே, அதுதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. அவளை எங்களுக்குத் திருப்பித் தந்ததும் அதுதான். ஆகவே அதையே எழுதுகிறேன்.

நான் நாகலாபுரத்தில் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியை. என் வீட்டுக்காரர் பொன்னையாவுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம். மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் போடுகிறவர். எங்களுக்கு ஒரே மகள் சுகிர்தம்.

கைப்பிள்ளையாக இருக்கும்போதே அவள் நெஞ்சில் கை வைத்தால் உள்ளங்கையில் ஓர் அதிர்வு தெரியும். பூனை மடியில் படுத்துக்கொண்டு உறுமுமே, அந்த மாதிரி. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பால் குடிக்கும்போது அவளுக்கு நெற்றி வியர்த்துக் கொட்டும். சளி பிடித்தால் விடாது. மற்ற பிள்ளைகள் தெருவில் நடக்கும் வயதில் இவள் சுவரைப் பிடித்து நின்று மூச்சு இளைத்தாள். கோவில்பட்டியில் ஒரு வயதான டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் குழாயை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"இது பிறவிக் கோளாறும்மா. இருதயத்துல இருக்கு. இப்போதைக்கு இதுக்கு மருந்து கிடையாது. ஓட விடாதீங்க. அழ விடாதீங்க. பத்திரமா வச்சுக்கோங்க" என்றார்.

அந்த மூன்று வார்த்தைதான் எங்கள் வீட்டுச் சட்டம். அவள் அழக்கூடாது என்று என் வீட்டுக்காரர் கோவில்பட்டிக்குப் போகும்போதெல்லாம் கடலைமிட்டாய் வாங்கி வந்து பானைக்குள் வைத்திருப்பார். உதடு பிதுங்கினால் உடனே ஒன்று வாயில் போய்விடும். தேருக்கும் சந்தைக்கும் தோளில் தூக்கிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தில் டிரில் நடக்கும்போது நான் மற்ற பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கையை உயர்த்தச் சொல்வேன். என் மகள் வராந்தாவில் உட்கார்ந்து அவர்களுடைய சிலேட்டுகளுக்குக் காவல் இருப்பாள். அவளோடு எந்தப் பிள்ளையும் சண்டை போட்டதில்லை. போடக்கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்லி வைத்திருந்தார்கள்.

அவளுக்கு எட்டு வயது நடந்தபோது கோவில்பட்டிக்குப் புதிதாக ஓர் இளவயது டாக்டர் வந்தார். அவர்தான் நோயை எங்களுக்குப் புரியும்படி சொன்னார். தாயின் வயிற்றில் இருக்கிற பிள்ளை மூச்சு விடுவதில்லை. அதனால் ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் ஒரு சின்னக் குழாய் வழியாகக் குறுக்கே போய்விடும். பிள்ளை பிறந்து மூச்சு விட ஆரம்பித்ததும் அந்தக் குழாய் தானாக அடைபட்டுவிட வேண்டும். சுகிர்தத்துக்கு அடைபடவில்லை. உடம்புக்குப் போகவேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு அதன் வழியே நுரையீரலுக்குத் திரும்பி ஓடிக்கொண்டே இருந்தது. நான் கையில் உணர்ந்த உறுமல் அந்த ஓட்டம்தான்.

"வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில அந்தக் குழாயை நூலால கட்டிடுதாங்க. இருதயத்தைத் தொடவே வேண்டாம். சீட்டுத் தர்றேன், போங்க" என்றார்.

பருத்தி எடுத்து முடிந்திருந்தது. எனக்கும் கோடை விடுமுறை. கோவில்பட்டி ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். வழியெல்லாம் சுகிர்தம் ஜன்னலை விட்டு நகரவில்லை. கரித்தூள் கண்ணில் விழுந்தும் அழவில்லை. அவளுக்கு அது முதல் ரயில்.

ஆஸ்பத்திரியில் முதல் சில நாட்கள் காத்திருப்பதிலேயே போயின. ஒரு பெஞ்சிலிருந்து எழுந்து இன்னொரு பெஞ்சுக்குப் போவோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். கையிலும் காலிலும் பட்டையைக் கட்டி, இருதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக எழுதும் மிஷினில் படுக்க வைத்தார்கள். அவளுடைய ரத்தத்தோடு அப்பாவின் ரத்தம் சேர்ந்ததென்று சொன்னதும் இவருக்கு ஒரே பெருமை. ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு வந்து, "இன்னும் வேணும்னாலும் எடுத்துக்கிடச் சொல்லு. வேற ஆள் ரத்தம் என்னத்துக்கு?" என்றார்.

ஆபரேஷனுக்கு முன்னாலேயே லீலா வந்துவிட்டாள். பயிற்சி கொடுத்து நோயைக் குணப்படுத்துகிற படிப்பு ஒன்று உண்டு, பிசியோதெரபி என்று அதற்குப் பெயர். அதைப் படித்தவள். நாகர்கோவில்காரி, வெள்ளைச் சேலை, குட்டையான உருவம், கணீரென்ற குரல். ஒரு மேஜைமேல் துளிப் பஞ்சை வைத்து, "இதை ஊதித் தள்ளு பார்ப்போம்" என்றாள் சுகிர்தத்திடம்.

"இது எங்க ஊர்ப் பஞ்சா?" என்று கேட்டாள் என் மகள்.

"உங்க அப்பாட்ட கேளு."

அவர் பஞ்சை எடுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர் இல்ல. இழை நீளமா இருக்கு" என்றார். பிறகு மேஜையின் அந்தப் பக்கம் தானே உட்கார்ந்து ஊதினார். அப்பாவும் மகளும் போட்டி போட்டு ஊதினார்கள். வயிறு உப்பும்படி மூச்சை இழுக்கவும், தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமவும் லீலா பழக்கினாள். "இப்ப விளையாட்டா பழகிட்டா, வலிக்கும்போது மறக்காது" என்றாள். அவள் போனதும், "பாவம், பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்ட ஒரு ஆள் போட்டிருக்காவ. நல்ல ஆஸ்பத்திரி" என்று இவர் மெச்சிக்கொண்டார்.

ஆபரேஷன் அன்று காலையில் ஜெபித்து அனுப்பினோம். மத்தியானத்துக்குள் டாக்டர் வெளியே வந்து, "கட்டியாச்சு, நல்லா இருக்கா" என்றார். அவளைப் பார்க்க விட்டபோது இடது பக்கம் விலாவைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது. விலாவிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கீழே இருந்த பாட்டிலுக்குப் போனது. மறுநாள் காலை நர்ஸ் அனுமதித்ததும், பழக்கத்தில் நெஞ்சில் மெதுவாகக் கை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. எட்டு வருஷமாக என் கைக்குப் பழகியிருந்த உறுமல் இல்லை. "சிஸ்டர், நெஞ்சு நின்னுபோச்சு" என்று கத்தியேவிட்டேன். நர்ஸ் ஓடி வந்து பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் கீழே வைத்தாள். டக் டக் என்று சீராகத் துடித்தது. "அந்தச் சத்தம் போகணும்னுதானே வந்தீங்க" என்றாள். உண்மைதான். ஆனாலும் அந்த அமைதி பழக எனக்கு நாளாயிற்று.

அதற்கடுத்த நாள் காய்ச்சல் வந்தது. தையல் வலிக்குப் பயந்து சுகிர்தம் மேலோட்டமாகவே மூச்சு விட்டாள். இருமவே இல்லை. மூக்கு விடைத்தது. வார்டைப் பார்க்கிற சின்ன டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இடது நுரையீரலின் அடிப்பாகத்தில் சளி அடைத்து அது சுருங்கியிருக்கிறது என்றார். "ஊசி போட்டிருக்கோம். ஆனா ஊசி மட்டும் போதாது. சளி வெளிய வரணும்."

லீலா வந்தாள். கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி, பிள்ளையை வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தாள். உள்ளங்கையைக் குவித்து, தையலை விட்டு விலகி, முதுகின் கீழ்ப் பக்கம் தட்ட ஆரம்பித்தாள். தொப் தொப் என்று வார்டு முழுக்கக் கேட்டது. சுகிர்தம் வீறிட்டு அழுதாள். அப்படி ஓர் அழுகையை நாங்கள் அவளிடம் கேட்டதே இல்லை; அழவே விட்டதில்லையே.

என் வீட்டுக்காரர் நடுவில் போய் நின்றுவிட்டார். "கையை எடுங்கம்மா."

"அண்ணாச்சி, இது சளியை இளக்குததுக்கு..."

"முந்தாநாள் நெஞ்சை அறுத்த பிள்ளை. இன்னைக்கு முதுகுல அடிக்கிய. அடிச்சு வைத்தியம் பாக்கவா இம்புட்டுத் தூரம் கொண்டாந்தேன்? எம் பிள்ளைய நான் ஒரு நாளும் கை நீட்டி அடிச்சதில்ல."

லீலா பிள்ளையை நேராகப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டு, "அம்மா, அப்பா ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. நான் அடுத்த பிள்ளையப் பாத்துட்டு வாரேன். ஆனா ரொம்ப நேரம் எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பக்கத்துக் கட்டிலில் தர்மபுரிப் பக்கத்து முனியம்மா இருந்தாள். அவள் மகனுக்கும் இதே மாதிரி ஆபரேஷன் முடிந்து, வீட்டுக்குக் கிளம்புகிற நிலையில் இருந்தான். "எனக்கும் ஆவாது டீச்சரம்மா. தட்டற அம்மா வந்தா நான் கண்ணை மூடிக்குவேன். முடிஞ்சதும் தொறப்பேன்" என்றாள். "ஒருநாள் பையன் தூங்கறான்னு பொய் சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன். அன்னிக்கு சாயங்காலமே அவனுக்கு மூச்சு முட்டிப்போச்சு. அப்பறம் பொய் சொல்றதில்ல."

நான் அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனேன்.

"டாக்டரும் சொல்லுதாரு, இவியளும் சொல்லுதாவ. சளி வரலன்னா என்ன செய்வீங்க?"

"தானா வரும்."

"எட்டு வருசமா எது தானா நடந்திருக்கு?"

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "அவ என்னைப் பாத்து அழுதா. பாத்தியா? லீலாம்மாவப் பாத்து அழல. என்னைப் பாத்து அழுதா, நான் நிறுத்துவேன்னு" என்றார். காளை முட்டிக் கை முறிந்தபோதுகூட அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

லீலா திரும்பி வந்தபோது அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதுகில் துண்டைப் போட்டுக்கொண்டார். "அம்மா, எனக்கு முதல்ல தட்டிக் காட்டுங்க. எவ்வளவு பலம் வைக்கியன்னு நான் பாக்கணும்."

லீலா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் துண்டுக்கு மேலே கையைக் குவித்து அதே தட்டு தட்டினாள். அதே தொப் தொப். வார்டில் இருந்த தாய்மாரெல்லாம் வாயை மூடிச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. உன்னிப்பாக, விதை பொறுக்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"சத்தந்தான் பெரிசா இருக்கு. வலிக்கல" என்றார்.

"கைக்குள்ள காத்து இருக்கு அண்ணாச்சி. அதான் அந்தச் சத்தம்."

"அப்ப அவ ஏன் அழுதா?"

"இருமுததுக்குப் பயம். இருமுனா தையல் வலிக்கும். வலிக்காதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். தலையணையை அணைச்சுப் பிடிச்சா கொஞ்சம் குறையும். அதை நீங்க பிடிங்க."

அவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்து மகளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டார். தலையணையைத் தையல்மேல் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார். "மக்கா, பஞ்சு ஊதுனோம்லா. அதே மாதிரி இழு. இப்ப இருமு. அப்பா பிடிச்சிருக்கேன்." அவள் அழுதாள், இருமினாள், திரும்பவும் அழுதாள். கடைசியில் ஒரு பெரிய இருமல். பீங்கான் கிண்ணத்தில் கெட்டியாகப் பழுப்பு நிறத்தில் ஒரு சளிக்கட்டி விழுந்தது. அதில் ரத்தம் இழையோடியதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. லீலா கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்து, "இதைத்தான் தேடுனோம்" என்றாள், சந்தைக்குப் போய் நினைத்த பொருள் கிடைத்தவள் மாதிரி.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. மூக்கு விடைப்பது நின்றது. அதிலிருந்து லீலா வார்டு வாசலில் தலை காட்டினால் போதும், இவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிடுவார். அவளிடமே கையைக் குவிக்கக் கற்றுக்கொண்டார். முனியம்மா மகனுக்கும் ஒருநாள் இவரே தலையணை பிடித்தார். முனியம்மா வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவருடைய பயம் அப்படித் தீர்ந்தது. என்னுடையது அதற்குப் பிறகுதான் ஆரம்பமாயிற்று. அவருக்குப் பிள்ளையின் வலியைப் பார்க்க முடியாது. எனக்கு அவள் மூச்சு வாங்கி இளைப்பதைப் பார்க்க முடியாது.

விலாவிலிருந்த ரப்பர் குழாயை எடுத்தபின் சுகிர்தம் இடது தோளைக் குறுக்கி, கையை விலாவோடு ஒட்டியே வைத்திருந்தாள். அப்படியே விட்டால் தோள் இறுகி முதுகும் ஒரு பக்கமாக வளைந்துவிடும் என்றாள் லீலா. சுவரில் விரல்களால் நண்டு ஏறுவதுபோல ஏற வைத்தாள். இடது கையாலேயே தலை வாரச் சொன்னாள். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பிறகு மாடிப்படி வந்தது.

சுகிர்தம் பாதிப் படி ஏறி நின்று, தோள் ஏறி இறங்க மூச்சு வாங்கினாள். நான் ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன்.

"டீச்சர், இறக்கி விடுங்க" என்றாள் லீலா.

"மூச்சு வாங்குது பாருங்க. ஓடவே விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ."

"சொன்னவிய அந்தக் குழாய் திறந்திருந்தப்பச் சொன்னாவ. இப்ப அது மூடியாச்சு. படியேறுனா எனக்கும் மூச்சு வாங்கும், உங்களுக்கும் வாங்கும். மூச்சு வாங்குதது வேற, திணறுதது வேற." பிறகு என் மகளைப் பார்த்து, "உங்க ஊர் பேரு என்ன, எப்படிப் போகணும்னு சொல்லு" என்றாள்.

"கோவில்பட்டியில இறங்கி பஸ்ல போகணும். எங்க ஊரு நாகலாபுரம்" என்றாள் சுகிர்தம், என் இடுப்பில் இருந்தபடி, இடையில் நிறுத்தாமல்.

"ஒரு வாக்கியத்தை முழுசாச் சொல்ல முடிஞ்சா நடக்கலாம், ஏறலாம். சொல்ல முடியலன்னா, உதடு நீலம் பாரிச்சா, உட்கார வைங்க. இதுதான் கணக்கு. வீட்டுல நான் இருக்க மாட்டேன். நீங்கதான் பாக்கணும்."

நான் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. பிள்ளையை இறக்கிவிட்டேன். அவள் மீதிப் படியை ஏறினாள். மேலே நின்று எங்களைக் குனிந்து பார்த்தாள். அவளை அண்ணாந்து பார்த்தது அதுதான் எனக்கு முதல் தடவை.

ஊர் வந்து சேர்ந்தபோது ஆனி பிறந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், பிள்ளை கட்டிலில் படுத்திருப்பாள் என்று நினைத்து ஹார்லிக்ஸும் பழமுமாக வந்தார்கள். அவள் சுவரில் விரலால் ஏறிக்கொண்டிருந்தாள். இவர் பக்கத்தில் நின்று, அவள் எட்டிய இடத்தில் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

இவருடைய அண்ணன் மனைவிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏட்டி, நீ படிச்சவதான. அறுத்துத் தைச்ச பிள்ளைய இப்படிப் போட்டு வாட்டுதீங்களே. தையல் பிரிஞ்சிட்டா என்ன செய்வ? ஒரு வருசத்துக்கு மூலையில உட்கார வைக்கணும்" என்றாள். அவளுக்குப் பிள்ளைமேல் அவ்வளவு பாசம். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"மதினி, எட்டு வருசம் உட்கார வச்சுப் பாத்துட்டோம்" என்றார் இவர் உள்ளேயிருந்து. "இனி நடக்க வச்சுப் பாப்போம்."

நானும் துணிந்தேன். பள்ளிக்கூடம் திறந்ததும் அவளை டிரில் வரிசையின் கடைசியில் நிறுத்தினேன். முதலில் கை வீசுவது மட்டும். பிறகு குனிந்து நிமிர்வது. பிறகு மைதானத்தைச் சுற்றி நடப்பது. நான் கூடவே நடந்து ஏதாவது கேள்வி கேட்டுக்கொண்டே வருவேன். அவள் வாக்கியம் வாக்கியமாகப் பதில் சொல்லிக்கொண்டு வருவாள். கோவில்பட்டி டாக்டர் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "இனிமே மத்தப் பிள்ளைங்க மாதிரிதான்" என்றார். இருந்தாலும் அவள் ஓடி நாங்கள் பார்க்கவில்லை. ஓடச் சொன்னால் எங்கள் முகத்தைப் பார்ப்பாள். எட்டு வருஷம் சொல்லி வளர்த்தது அவ்வளவு சீக்கிரம் போகுமா.

ஆடிக் காற்று ஆரம்பித்தது. எங்கள் கரிசலில் அந்த மாதம் காற்றோடு மண்ணும் சேர்ந்து பறக்கும். பிள்ளைகள் பனையோலையைக் கிழித்து, நடுவில் கருவேல முள்ளைச் செருகிக் காற்றாடி செய்து தெருத்தெருவாகத் திரிவார்கள். ஒரு சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தேன். இவர் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தெருக்கோடி வீட்டுச் செல்லத்தாய் தன் மகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக வந்தாள்.

"டீச்சர் வீட்டுப் பிள்ளைன்னு இத்தனை நாளா நாங்க எதுவும் சொன்னதில்ல. இன்னைக்கு உங்க மக செஞ்சது நல்லாவா இருக்கு? எம்மவ கையில இருந்த காத்தாடிய வெடுக்குனு பிடுங்கிட்டு, இவளையும் கீழ தள்ளிவிட்டுட்டு ஓடிட்டா."

இவர் கயிற்றைக் கீழே வைத்தார். "யாரு, சுகிர்தமா?"

"வேற யாரு? இவளும் எந்திரிச்சுப் பின்னாலயே விரட்டியிருக்கா. பிடிக்க முடியலையாம்."

"பிடிக்க முடியலையா?"

"முடியலங்கேன்."

"எதுவரைக்கும் ஓடுனா?"

"ஊரணிக்கரை வரைக்கும். அங்கன நின்னு இவளப் பாத்து நாக்கைத் துருத்தி ஒழுங்கு காட்டுதாளாம்."

நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து உள்ளே போய் ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டார். "உக்காரு தாயி" என்றார். செல்லத்தாய் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தாள். அவர் அவளுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு அமர்ந்தார்.

"கோவிச்சுக்கிடாத. உம்மவளுக்கு ரெண்டு காத்தாடியா நானே செஞ்சு தாரேன். இன்னொரு தடவை முதல்ல இருந்து சொல்லு. அவ பிடுங்குனா. அப்புறம்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். செல்லத்தாய்க்கும் பிள்ளைகள் உண்டு. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. மகளை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். இந்தத் தடவை கோபமில்லாமல், ஓடிய தெருக்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்து, மெதுவாகச் சொன்னாள்.